சப்போர்ட்டுக்கு வந்தவன் பேரு என்ன?



செமஸ்டர், அரியர், இன்டர்னல் மார்க், இன்னும் கட்டாத எக்ஸாம் ஃபீஸ்... எல்லாத்தையும் ஒரு பத்து நிமிஷம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் ஒரு சின்ன க்விஸ்ஸோட ஆரம்பிக்கிறேன்.

‘கில்லி’ பார்க்காதவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க. (தூக்க மாட்டீங்கன்னு தெரியும். 2004-ல படம் வந்தப்போ பொறக்காதவங்ககூட 2024 ரீ-ரிலீஸ்ல விசில் அடிச்சுத் தொண்டை கட்டிக்கிட்டவங்கதானே!) சரி, கேள்வி இதுதான். அந்தப் படத்துல விஜய் டீமோட லெஃப்ட் கவர் யாரு?

ஞாபகம் வரலையா? ‘வெண்ணிலா கபடிக்குழு’ 2009-ல வந்துச்சு. அதுல ரைட் கவர் யாரு? அதுவும் தெரியலையா?

கவலைப்படாதீங்க பாஸ், எனக்கும் தெரியாது. படம் எடுத்தவங்களும் அதைப் பத்திப் பெருசா கவலைப்பட்டிருக்க மாட்டாங்க. கபடின்னா தொடையைத் தட்டிக்கிட்டு கோட்டைத் தாண்டிப் போறவன்தான் ஹீரோ. கேமரா அவன் பின்னாடியேதான் போகும். நம்ம கண்ணும்தான். இந்த வாரம் கேமராவைக் கொஞ்சம் திருப்பி வைப்போமா?

எங்க ஊர் டீக்கடை நிபுணர் குழு

எங்க ஊர் மூங்கில்துறைப்பட்டு. கள்ளக்குறிச்சி மாவட்டம். திருவண்ணாமலைக்குப் போற வழியில, தென்பெண்ணை ஆத்தங்கரையில இருக்கு. ஊரை நெருங்கும்போதே சர்க்கரை ஆலை வாசனை மூக்குல ஏறும். அரவை சீசன்ல ரோட்டுல பாதியைக் கரும்பு டிராக்டருங்களே எடுத்துக்கும். பின்னாடி மாட்டிக்கிட்ட காலேஜ் பஸ்ல, ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் போன சோகத்துல நாலு பேர் உட்கார்ந்திருப்பான்.

அந்த ஊர்ல ஒரு டீக்கடை. ராத்திரி எட்டு மணிக்கு மேல அங்க ஒரு நிபுணர் குழு கூடும். பிஸ்கட் டப்பா மேல செல்போனைச் சாய்ச்சு வெச்சு, அது முன்னாடி பன்னெண்டு தலை. புரோ கபடி லீக். நம்ம டீம் தமிழ் தலைவாஸ்.

குழுவுல யார் யார்னு சொல்றேன். பாலிடெக்னிக் படிக்கிற தம்பி ஒருத்தன். அவன் வாயில எப்பவும் புள்ளிவிவரம்தான். (மெஷின் டிராயிங் பேப்பர் மட்டும் மூணாவது தடவையா எழுதறான்.) அடுத்தது டிரைவர் மாமா. எந்த சீசன் ஆரம்பிச்சாலும் ‘இந்த வாட்டி கப்பு நமக்குதான்டா’ன்னு முதல் நாளே அறிவிச்சிடுவார். கடைக்காரர் தலைவாஸ் ஜெயிச்சா டீயில சர்க்கரை கூடப் போடுவார், தோத்தா டீயே கொஞ்சம் கசக்கும். அப்புறம் மூலையில, சுவத்துல சாய்ஞ்சு, இடது காலை நீட்டி உட்கார்ந்திருக்கிற ‘கவர் அண்ணன்’. அவருக்குப் பேரு உண்டு. ஆனா எங்க ஊர்ல அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்.

பேச்சு எப்படிப் போகும் தெரியுமா?

“ரைடிங்கே சரியில்ல மாமா.”

“அத்த வுடு. உன் கரும்புக்கு கட்டிங் ஆர்டர் வந்துச்சா?”

“எங்க மாமா... டூ ஆர் டை ரைடு, டூ ஆர் டை ரைடு! பாருங்க பாருங்க... போச்சு!”

“போனா போவட்டும். நாளைக்கு உங்க அக்காவ பொண்ணு பாக்க வர்றாங்களாமே, எத்தினி பேரு?”

இப்படியே ஓடும். கட்டிங் ஆர்டர், கரண்ட் கட், அக்கா கல்யாணம், அரியர் ரிசல்ட், நடுநடுவுல கபடி. மேட்ச் 40 நிமிஷம்தான். டைம் அவுட், ரெவ்யூ எல்லாம் சேர்த்தா ஒரு மணி நேரம். எங்க ஊர் விவாதம் மட்டும் கடைசி பஸ் போற வரைக்கும் நடக்கும்.

தலைவாஸ் ஃபேனா இருக்கிறது ஒரு தவம்

இதைக் கபடி தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். தமிழ் தலைவாஸ் 2017-ல, லீக்கோட அஞ்சாவது சீசன்ல உள்ளே வந்தாங்க. அஜய் தாக்கூர் கேப்டன். 2016 உலகக்கோப்பை ஃபைனல்ல ஈரானைச் சாய்ச்ச ஹீரோ. ‘இதுக்கு மேல என்ன வேணும்’னு நினைச்சோம். எங்க மண்டலத்துல கடைசி இடம். 2018-ல சென்னையில பாட்னாவை 42-26னு பொளந்துதான் சீசனையே ஆரம்பிச்சோம். முடிவுல மறுபடி மண்டலத்துல கடைசி. 2019-ல ராகுல் சௌத்ரி, அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர்னு போஸ்டர் ஒட்டவே ஆசையா இருக்கிற டீம். 12 டீம்ல 12-வது இடம்!

அப்புறம் 2022. ஒன்பதாவது சீசன். பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சம் கொடுத்து எடுத்தாங்க. லீக்ல அதுவரைக்கும் யாருக்கும் கொடுக்காத விலை. டிரைவர் மாமா அன்னிக்கே கடையில எல்லாருக்கும் டீ சொல்லிட்டார். முதல் மேட்ச். குஜராத்தோட. பவனுக்கு முட்டியில அடி. சீசன் முழுக்க அவுட். அந்த டீ காசை மாமா இன்னும் கடன்ல வெச்சிருக்கார்னு கேள்வி.

ஆனா கதை அங்க முடியலை. அந்த சீசன்லதான் தலைவாஸ் முதல் தடவையா செமி ஃபைனல் போனாங்க. நரேந்தர்னு ஒரு புதுப் பையன், அறிமுக சீசன்லயே 243 ரைடு பாயின்ட் எடுத்தான். எலிமினேட்டர்ல உ.பி. யோதாஸோட 36-36 டை ஆகி, டைபிரேக்கர்ல ஜெயிச்சோம். செமியில புனேகிட்ட 37-39. ரெண்டே பாயின்ட். அன்னிக்கு எங்க டீக்கடையில யாரும் அக்கா கல்யாணம் பத்திப் பேசலை.

பாலிடெக்னிக் தம்பிகிட்ட ‘எப்படிடா அந்த வருஷம் மட்டும் போனோம்?’னு கேட்டா ‘நரேந்தர்ண்ணா, 243’ன்னு டக்குனு சொல்வான். ‘அந்த 243 பாயின்ட் எடுக்க, நரேந்தர் அவுட் ஆகி வெளியே உட்கார்ந்தப்பல்லாம் அவனை யாருடா உள்ளே கூட்டிட்டு வந்தது?’னு மூலையில இருந்து ஒரு குரல் வரும். கவர் அண்ணன் குரல்.

தம்பி அமைதியாயிடுவான்.

வாங்க, ரூல்ஸ் படிப்போம்

இந்தக் கேள்வி புரியணும்னா ரெண்டே ரெண்டு ரூல் தெரிஞ்சா போதும். (இன்டர்னல்ல வராது, பயப்படாதீங்க.)

முதல் ரூல். கபடியில அவுட் ஆனவன் தானா உள்ளே வர முடியாது. நம்ம டீம்ல வேற யாராவது எதிராளியை அவுட் ஆக்கினாத்தான் நம்ம ஆள் ஒருத்தன் உள்ளே வர முடியும். முதல்ல வெளியே போனவன் முதல்ல வருவான். இதுல நீங்க ரெண்டு கோடி ரூபாய் ரைடரா இருந்தாலும், ரெண்டு ரூபாய் ரைடரா இருந்தாலும் ஒரே சட்டம்தான். வெளியே போயிட்டா பெஞ்சுல உட்கார்ந்து வேடிக்கை பார்க்கணும். உங்களை உள்ளே கூப்பிடுறது பெரும்பாலும் பிடிக்கிறவங்கதான்.

ரெண்டாவது ரூல். இதுதான் விஷயம். ஒரு ரைடர் உள்ளே வர்றான். மூலையில நிக்கிற கார்னர் பாய்ஞ்சு அவன் கணுக்காலைப் பிடிக்கிறான். பிடிச்சா போதுமா? போதாது. ரைடர் அப்படியே நடுக்கோட்டைப் பார்த்துக் கையை நீட்டி விழுவான். ஒரு விரல் நுனி கோட்டைத் தொட்டா முடிஞ்சுது கதை. அந்த வழியில போய்ச் சுவர் மாதிரி நிக்கணும் ஒருத்தன். அவன்தான் கவர். கார்னர் பிடியை ஆரம்பிச்சு வைப்பான், கவர் முடிச்சு வைப்பான்.

ரைடர் மாட்டிக்கிட்டா டீமுக்கு ஒரு பாயின்ட். ஸ்கோர் ஷீட்ல அது ஒரே ஒருத்தன் பேர்லதான் விழும். பெரும்பாலும் ஆரம்பிச்சு வெச்ச கார்னர் பேர்ல. சப்போர்ட்டுக்கு வந்த கவருக்கு அங்க இடமில்லை.

ரைடர் தப்பிச்சுட்டா? அவன் யார் யார் மேலெல்லாம் பட்டானோ அத்தனை பேரும் அவுட். சப்போர்ட்டுக்கு வந்த கவரும் அவுட்.

இதைக் கொஞ்சம் நிதானமா யோசிச்சுப் பாருங்க ஃப்ரெண்ட்ஸ். அவன் வரலைன்னா யாரும் அவனைத் திட்டப் போறதில்லை. ‘கார்னர் தனியா போய் மாட்டிக்கிட்டான்’னுதான் சொல்லுவாங்க. வந்து ஜெயிச்சா அவன் பேரு எழுத மாட்டாங்க. வந்து தோத்தா அவனும் வெளியே. இவ்வளவும் தெரிஞ்சு, யோசிக்க அரை செகண்ட்கூட இல்லாத நேரத்துல, வர்றான் பாருங்க... அவன்தான் கவர்!

அமெரிக்காவுலயும் இதே கதைதான்

என் பெரியப்பா பையன் அமெரிக்காவுல ஐ.டி. வேலையில இருக்கான். அங்க ஃபுட்பால்னா நம்ம மெஸ்ஸி, ரொனால்டோ ஃபுட்பால் இல்லை. ஹெல்மெட் போட்டுக்கிட்டு ஒருத்தர் மேல ஒருத்தர் மோதுவாங்களே, அது. ஆபீஸ்ல திங்கட்கிழமை காலையில காபி மெஷின் பக்கத்துல ஒரே பேச்சுதானாம்: ‘நம்ம ஆஃபென்சிவ் லைன் சரியில்லை’.

அது என்னடான்னு கேட்டேன். பந்தைத் தூக்கிப் போடுறவன் குவார்ட்டர்பேக். அவன்தான் ஸ்டார், விளம்பரத்துல வர்றவன். அவன் முன்னாடி அஞ்சு பேர் வரிசையா நிப்பாங்க. நடுவுல சென்டர், ரெண்டு பக்கம் கார்டு, ஓரத்துல டேக்கிள். ஒவ்வொருத்தனும் நம்ம ஊர் நெல்லு மூட்டை ரெண்டு சைஸ். எதிராளி பாய்ஞ்சு வந்து ஸ்டாரைச் சாய்ச்சிடாம தடுக்கிறதுதான் வேலை. பந்தைத் தூக்கிப் போட்டா, சில விதிவிலக்குகள் தவிர, அதைப் பிடிக்கக்கூட இவங்களுக்கு ரூல்ஸ்ல அனுமதி இல்லை. அவங்க ஒழுங்கா வேலை பார்த்த அன்னிக்கு யாரும் அவங்களைக் கவனிக்க மாட்டாங்க. ஒரு தடவை கோட்டை விட்டா ஊரே கவனிக்கும்.

‘நம்ம ஊர் கவர் மாதிரிதான்டா’ன்னான். கபடி பார்த்து வளர்ந்தவன் இல்லையா, டக்குனு புரிஞ்சிருக்கு.

பிடிக்கிறவங்களை உலகம் கவனிச்சதே இல்லைன்னு சொல்ல வரலை. தஞ்சாவூர் பக்கத்துக்காரர் தர்மராஜ் சேரலாதன், கார்னர். அவர் கேப்டனா இருந்துதான் 2016-ல பாட்னா நாலாவது சீசன் கப்பைத் தூக்கினாங்க. 2019-ல 44 வயசுல ஹரியானா டீமுக்காக மேட்ல நின்னவர். எங்க சாகர் ரதியும் கார்னர்தான். எட்டாவது சீசன்ல 82 டேக்கிள் பாயின்ட் எடுத்தார், அந்த சீசனோட ரெண்டாவது இடம். கார்னருக்காவது இப்படி ஒரு கணக்கு இருக்கு. அந்த 82-லயும் ஓடி வந்து வழி மறிச்சவன் எத்தனை பேர்? அதைப் பாலிடெக்னிக் தம்பியாலகூடச் சொல்ல முடியாது.

சரி, இப்போ என் கதை

இதுவரைக்கும் ஜாலியா வந்தீங்க. இனிமே கொஞ்சம் சங்கடமான ஏரியா. எனக்குத்தான்.

2012 பொங்கல். பக்கத்து ஊர்ல மின்னொளி கபடிப் போட்டி. ‘மாபெரும்’னு போஸ்டர்ல போட்டிருந்தாங்க. மண் தரைதான், நாலு மூலையில கம்பம் நட்டு டியூப் லைட், ஒரு மைக். எங்க ஊர் டீம்ல நான் ரைடர். பிளஸ் டூ. தலைக்கனம் அப்போ என் எடையைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஃபைனல். ஒரு பாயின்ட் பின்னால இருக்கோம். ரெண்டு நிமிஷம் பாக்கி. நான் எங்கே? அவுட் ஆகி, கோட்டுக்கு வெளியே மண்ணுல உட்கார்ந்து நகம் கடிச்சிட்டிருக்கேன். உள்ளே எங்க ஆள் மூணு பேர். எதிர் டீமோட பெரிய ரைடர் வர்றான். எங்க கார்னர் காலைப் பிடிச்சுட்டான். ஆனா அந்த ஆள் ஒரு எருமைக்கடா பலம்... கார்னரையும் சேர்த்து இழுத்துக்கிட்டு கோட்டுக்கு வர்றான். அரை அடிதான் பாக்கி.

அப்போ இடது பக்கத்துல இருந்து கவர் அண்ணன் வந்தார். குறுக்கே முட்டி போட்டு விழுந்தார். ரெண்டு பேரோட எடையும் அவர் இடது முட்டி மேல விழுந்துச்சு.

விசில். ரைடர் அவுட். ஸ்கோர் சமம். நான் உள்ளே! எழுந்து ஓடும்போது அண்ணனைக் கைத்தாங்கலா வெளியே கூட்டிட்டுப் போனதை ஓரக்கண்ணால பார்த்தேன். அவ்வளவுதான். அடுத்த ரைடுல ரெண்டு பேரைத் தொட்டுட்டு வந்தேன். கப்பு எங்களுக்கு. என்னைத் தோள் மேல தூக்கிக்கிட்டாங்க. ‘சிறந்த ஆட்டக்காரர்’ பரிசா ஒரு மிக்ஸி. (எங்கம்மா அதுல ரொம்ப வருஷம் சட்னி அரைச்சாங்க.) கப்போட எடுத்த போட்டோ இன்னும் வீட்டுல மாட்டியிருக்கு. அதுல கவர் அண்ணன் இல்லை. அந்த நேரத்துல அவர் முட்டியில ஐஸ் வெச்சுக்கிட்டு ஸ்கோரர் டேபிள் பின்னாடி உட்கார்ந்திருந்தார். ஸ்கோர் நோட்டுல அந்தப் பிடி, கார்னர் பேர்ல.

அந்த மேட்சைப் பார்த்த ஒரு பி.டி. சார் என்னைச் சென்னையில ஒரு காலேஜ் செலக்‌ஷனுக்கு அனுப்பினார். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல சீட், ஹாஸ்டல், சாப்பாடு. இன்னிக்கு உங்ககிட்ட வாராவாரம் இப்படி வாய் கிழியப் பேசிட்டு இருக்கேனே, அதுக்கு ஆரம்பம் அந்த சீட்.

கவர் அண்ணன் என்னைவிட ரெண்டு வயசு பெரியவர். அப்போ போலீஸ் செலக்‌ஷனுக்காக தினமும் விடியக்காலை ஓடிட்டு இருந்தார். ‘எலும்பு முறியலை, கட்டு போட்டா சரியாயிடும்’னு எல்லாரும் சொன்னாங்க. கட்டு போட்டார். வீக்கம் வடிஞ்சுது. ஆனா உள்ளே ஜவ்வு கிழிஞ்சிருந்தது ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. ஆபரேஷனுக்கு வீட்டுல வழியில்லை. போலீஸ் ஓட்டத்துல நூறு மீட்டர்கூடத் தாண்ட முடியலை. இப்போ டிராக்டர் ஓட்டுறார். அரவை சீசன்ல கரும்பு லோடு, மத்த நாள்ல உழவு. கிளட்ச் இடது காலுக்குத்தானே? ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் அவர் முகத்துல ஒரு சின்ன சுளிப்பு வரும். கவனிச்சுப் பார்த்தாத்தான் தெரியும். நான் கவனிக்கலை.

கொஞ்சம் ஒப்பிட்டுப் பாருங்க. 2022-ல முட்டியில அடிபட்ட பவனுக்கு முறையான சிகிச்சை கிடைச்சுது. 2023 ஏலத்துல தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2 கோடியே 60 லட்சத்துக்கு மேல கொடுத்து எடுத்தாங்க. போன விலையைவிட அதிகம்! அதே அக்டோபர்ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல இந்தியாவுக்குக் கேப்டனா நின்னு, ஈரானை 33-29னு ஜெயிச்சு தங்கம் வாங்கினார். சந்தோஷம். அவருடைய உழைப்பு அது. முட்டி எல்லாருக்கும் ஒரே மாதிரிதான் இருக்கு பாஸ், அடிபட்ட பிறகு நடக்கிறதுதான் வேற வேற.

அந்த ராத்திரி

2025 செப்டம்பர். லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடை. தலைவாஸ் மேட்ச். நம்ம கவர் ஒருத்தன் சப்போர்ட்டுக்குப் போய், ரைடர் நழுவி, ரெண்டு பேரும் அவுட். பாலிடெக்னிக் தம்பிக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. “இந்த கவருங்கல்லாம் எதுக்குண்ணா டீம்ல இருக்கானுங்க? சும்மா நின்னிருந்தா ஒரு பாயின்ட்தானே போயிருக்கும்!”

கடையில ஒரு நிமிஷம் யாரும் பேசலை. கவர் அண்ணன் கையை நீட்டி, “போனைக் கொஞ்சம் பின்னாடி ஓட்டு”ன்னார். ஓட்டினான். “நிறுத்து. அவன் காலைப் பாரு. அடி எடுத்து வெச்சிட்டான். கார்னர் பாய்ஞ்ச அதே நேரத்துல எடுத்து வெச்சிட்டான். நீ சொல்ற மாதிரி நின்னு கணக்குப் போட்டா, அது கவர் இல்ல தம்பி. வேடிக்கை பாக்க வந்தவன்.”

மேட்ச் முடிஞ்சு எல்லாரும் கலைஞ்சாங்க. நாங்க ரெண்டு பேர் மட்டும் ஆத்துப் பாலத்துப் பக்கம் நடந்தோம். அவர் நடை எனக்காக மெதுவா இருக்குன்னுதான் இத்தனை நாள் நினைச்சிட்டு இருந்திருக்கேன்.

“ணா... அன்னிக்கு என் மேல கோவம் இல்லையா?”னு கேட்டேன். 13 வருஷம் லேட்.

சினிமாவா இருந்தா ‘உனக்காக எத்தனை முட்டி வேணாலும் கொடுப்பேன்டா’ன்னு வயலின் வாசிச்சிருப்பாங்க. அவர் அப்படிச் சொல்லலை.

“இருந்துச்சு. விழுந்ததுக்கு இல்ல. அது நானா போய் விழுந்தது. பேரு வேணும்னும் நெனைக்கல. நீ காலேஜ் போனப்புறம் ஒரு போன் பண்ணியிருக்கலாம்.”

அவ்வளவுதான் சொன்னார். அப்புறம் நாளைக்கு உழவுக்குப் போகணும்னு கிளம்பிட்டார்.

ஃப்ரெண்ட்ஸ், அந்த நாலு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கையில நான் எத்தனை போன் பண்ணியிருப்பேன்! ரேட் கட்டர் போட்டு விடிய விடியப் பேசியிருக்கேன். ஒரு நிமிஷ கால். அதை ஒரு ஆளுக்குப் பண்ணலை.

நீங்களும் ரைடர்தான்

உங்க காலேஜ் சீட்டுக்குப் பின்னாடியும் ஒரு சப்போர்ட் இருக்கும். ‘தங்கச்சி படிக்கட்டும்’னு பத்தாவதோட நிறுத்திட்டு திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போன அக்கா. கம்மலை அடகு வெச்சு முதல் செமஸ்டர் ஃபீஸ் கட்டின அம்மா. ‘என் நோட்ஸ் எடுத்துக்கோ’ன்னு கொடுத்துட்டு, அவன் மட்டும் அரியர் வாங்கின ஃப்ரெண்டு. மார்க்‌ஷீட்ல உங்க பேரு மட்டும்தான் இருக்கும். அது தப்பில்லை, மார்க்‌ஷீட் அப்படித்தான். ஸ்கோர் ஷீட்டும் அப்படித்தான். ஆனா நாம ஸ்கோர் ஷீட் இல்லையே!

ரைடர் பெஞ்சுல உட்கார்ந்திருக்கும்போது கண்ணைக் கொட்டாம பிடிக்கிறவங்களையே பார்த்துட்டு இருப்பான். உள்ளே வந்ததும் எதிர் கோட்டைப் பார்த்து ஓடிடுவான். திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது. ஆட்டத்துல அது சரி. ஆட்டம் முடிஞ்ச பிறகுமா?

இந்த வார ஹோம்வொர்க்

ஒண்ணு: அடுத்த கபடி மேட்ச் பார்க்கும்போது, ஒரே ஒரு அஞ்சு நிமிஷம் ரைடரைப் பார்க்காதீங்க. கவர் காலை மட்டும் பாருங்க. அது வேற ஆட்டம்.

ரெண்டு: ஊர் மேட்ச் ஆடுற தம்பிகளே, தங்கச்சிகளே... விளையாட்டு வீரர்களுக்கு அரசு வேலையில 3 சதவீத ஒதுக்கீடு இருக்குன்னு ஆசையா ஆடுறீங்க, நல்லது. முட்டி திரும்பி வீங்கினா, ‘எலும்பு முறியலை’ன்னு விட்டுடாதீங்க. ஜவ்வு எக்ஸ்ரேயில தெரியாது. எலும்பு டாக்டர்கிட்ட போய் முட்டியை ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்க. டீம் காசுல கப்பு வாங்குறதுக்கு முன்னாடி, அடிபட்டவனுக்குன்னு கொஞ்சம் எடுத்து வையுங்க. எங்க ஊர் டீம்ல இப்போதான் ஒரு உண்டியல் ஆரம்பிச்சிருக்கோம். முதல் காசு டிரைவர் மாமாவோடது. (அந்த டீக் கடனை அடைக்காமலேயே!) கவர் அண்ணனைச் சென்னைக்குக் கூட்டிட்டு வந்து முட்டியைக் காட்டுறதா இருக்கேன். ‘அரவை முடியட்டும், பாக்கலாம்’னு இழுத்துட்டு இருக்கார். விடுறதா இல்லை.

மூணு: உங்க சப்போர்ட்டுக்கு வந்த ஆளுக்கு இன்னிக்கு ஒரு போன். தேங்க்ஸ்னு வசனமெல்லாம் வேணாம். ‘சாப்டியாக்கா?’ ‘எப்படிணா இருக்கே?’ போதும். நான் பண்ணின முதல் கால்ல, நாங்க தலைவாஸோட லெஃப்ட் கார்னர் டைமிங் பத்தித்தான் இருபது நிமிஷம் பேசினோம்.

ஸோ, பக்கத்தை மூடுங்க... போனை எடுங்க.

அடுத்த வாரம் பார்ப்போம்!